நான்கு மணி நேரத் தூரம்

பினாங்கிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 2,630. அதாவது, சென்னைக்குத் தலைநகரைவிட நம் தீவே அருகில் இருக்கிறது. அப்படியிருந்தும் நம்மில் பலர் முதலில் தெற்கே கோலாலம்பூர் சென்று, அங்குக் காத்திருந்து, பிறகு வடமேற்கே பறந்தோம். 2024 டிசம்பர் 21ஆம் தேதி இண்டிகோ நிறுவனம் இவ்விரு நகரங்களுக்கும் இடையே நேரடிச் சேவையைத் தொடங்கியபோது, அந்தச் சுற்றுவழிப் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரமாகச் சுருங்கியது.

நம் தாத்தா பாட்டி காலத்தில் இதே கடலைக் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்குக்கு ஆள்களைச் சுமந்து வந்தது. பின்னர் வந்த சிதம்பரம் கப்பல் 1985இல் தீ விபத்துக்குள்ளானதோடு அதன் பயணம் முடிவுற்றது. ஒரு வாரம் நான்கு மணி நேரமாகியது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், இந்த நெருக்கத்தை நாம் எதற்குப் பயன்படுத்தப் போகிறோம்?

தேசிய இடைநிலைப்பள்ளியில் படித்தபோது, நீண்ட விடுமுறை வந்தால், “ஊருக்குப் போகவில்லையா?” என்று பிற இன நண்பர்கள் கேட்பார்கள். அவர்கள் சொன்ன ஊர் இந்தியா. என் ஊரோ ஜார்ஜ்டவுன். அந்தக் கேள்வி அவர்களின் அறியாமை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால், நாமே நம்மை அப்படித்தானே நடத்துகிறோம்? கலைவிழா என்றால் சென்னைப் பேச்சாளர். பட்டிமன்றம் என்றால் சென்னை நடுவர். உள்ளூர் எழுத்தாளருக்கு மேடையின் ஓரத்தில் ஒரு நாற்காலி, ஒரு பொன்னாடை.

தமிழின் தாயகத்திலிருந்து கற்பது தவறா என்று சிலர் கேட்கலாம். தவறே இல்லை. கற்பது வேறு, கையேந்தி நிற்பது வேறு. முதலாம் உலகத் தமிழ் மாநாடு 1966இல் நடந்தது சென்னையில் அன்று, கோலாலம்பூரில். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகள் அதற்கு முன்னின்றார். சென்னை இரண்டாம் மாநாட்டைத்தான் 1968இல் நடத்தியது. கப்பலில் ஒரு வாரத் தூரத்தில் இருந்தபோது நம்மால் உலகத் தமிழறிஞர்களை இங்கு அழைக்க முடிந்தது. நான்கு மணி நேரத் தூரத்தில் நாம் பார்வையாளர்களாக மட்டும் இருக்கலாமா?

விமானம் இருவழியும் பறக்கிறது. நம் எண்ணங்களும் அவ்வாறே செல்ல வேண்டும். சென்னையிலிருந்து ஒரு பேச்சாளரை அழைக்கும் கழகம், அதே மேடையில் சம நேரம் தந்து ஒரு மலேசிய எழுத்தாளரையும் பேசவைக்கட்டும். ஒரு விமானச் சீட்டுக்கு ஆகும் தொகையை மாணவர் படைப்பு நூலுக்கும் ஒதுக்கட்டும். கல்யாணப் புடவை வாங்கச் செல்லும் நம் குடும்பங்கள், போகும்போது பெட்டியில் இரண்டு மலேசியத் தமிழ் நூல்களைக் கொண்டுபோய் அங்குள்ள ஒரு நூலகத்தில் கொடுக்கட்டும். வரும்போது முப்பது கிலோ கொண்டுவரும் நமக்கு, போகும்போது அரைக் கிலோ பாரமாகாது.

சென்னையில் இறங்கியதும் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்புகிறோம். கடிகாரம் மட்டும் பின்னால் போகட்டும். நாம் போக வேண்டாம்.