தினம் ஒரு பிளக்... மறந்தால் பெட்ரோல் செலவு! பிளக்-இன் ஹைபிரிட் கார் யாருக்கு லாபம்?

இரவு சாப்பாடு முடிந்தது. கேஸை மூடிவிட்டோமா என்று ஒருமுறை பார்க்கிறோம். வாசல் கதவைத் தாழ் போடுகிறோம். செல்போனை சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கிறோம். உலகின் பல ஊர்களில் இந்தப் பட்டியலில் இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. காரையும் சார்ஜில் போட வேண்டும்.

அரை நிமிடம்கூட ஆகாத வேலைதான். ஆனால், பிளக்-இன் ஹைபிரிட் கார் வைத்திருப்பவரின் மாதச் செலவைத் தீர்மானிப்பது இந்த அரை நிமிடம்தான். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே விலையில் இரண்டு பேர் கார் வாங்குகிறார்கள். ஒருவர் பெட்ரோல் பங்க் பக்கமே போவதில்லை. இன்னொருவர் பழைய காருக்குப் போட்ட அளவுக்கே பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறார். ஏன் இப்படி?

ஒரு சமையலறை, இரண்டு அடுப்பு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் சாலைகளில் ஓடும் இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா போன்றவற்றின் ஹைபிரிட் மாடல்களுக்கு பிளக் கிடையாது. இன்ஜின் ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் கிடைக்கும் சக்தியைச் சிறிய பேட்டரியில் சேமித்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து கரன்ட் ஏற்ற முடியாது.

பிளக்-இன் ஹைபிரிட் வேறு ரகம். இதன் பேட்டரி பெரியது. வீட்டு பிளக் பாயின்ட்டில் சொருகி சார்ஜ் ஏற்றலாம். அந்த சார்ஜ் தீரும்வரை மின்சார கார் போல ஓடும். தீர்ந்தபிறகு பெட்ரோல் இன்ஜின் கைகொடுக்கும். வழியில் நின்றுவிடுவோமோ என்ற பயம் இல்லை.

சமையலறையில் கேஸ் அடுப்பும் இண்டக்‌ஷன் அடுப்பும் வைத்திருக்கும் வீட்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தினசரி பாலையும் சாதத்தையும் இண்டக்‌ஷனில் முடித்துவிட்டு, விருந்தாளி வரும் நாளில் மட்டும் கேஸைப் பற்றவைத்தால் சிலிண்டர் பல மாதம் வரும். இண்டக்‌ஷனைப் பரணில் போட்டுவிட்டால்? அதை வாங்கிய காசும் போச்சு, சிலிண்டரும் வழக்கம்போலத் தீரும்!

வோல்ட் போட்ட கணக்கு

பெருமளவில் தயாரான முதல் பிளக்-இன் ஹைபிரிட், 2008 டிசம்பரில் சீனாவில் பி.ஒய்.டி. நிறுவனம் அறிமுகப்படுத்திய எஃப்3டிஎம். ஆனால், தினமும் வேலைக்குப் போய்வரும் ஆளை மனதில் வைத்தே விளம்பரப்படுத்தப்பட்ட கார் என்றால், அது அமெரிக்காவின் செவர்லே வோல்ட். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது.

அமெரிக்காவில் வேலைக்குப் போகிறவர்களில் 78 சதவிகிதம் பேர் நாளொன்றுக்கு 40 மைலுக்குள்தான் ஓட்டுகிறார்கள் என்ற கணக்கை ஜெனரல் மோட்டார்ஸ் முன்வைத்தது. 40 மைல் என்றால் சுமார் 64 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குப் போதுமான பேட்டரியைக் கொடுத்துவிட்டால், வாரநாள்களில் பெட்ரோலே தேவைப்படாது என்பதுதான் யோசனை.

வோல்ட்டின் பேட்டரி எடை மட்டுமே சுமார் 198 கிலோ. அமெரிக்க அரசின் சோதனையில், முதல் மாடலுக்கு மின்சாரத்தில் 35 மைல் ஓடும் என்ற மதிப்பீடு கிடைத்தது. அதாவது 56 கி.மீ. அந்நாட்டின் சாதாரண 120 வோல்ட் பிளக் பாயின்ட்டில் முழுதாக சார்ஜ் ஏற சுமார் 10 மணி நேரம். 240 வோல்ட் என்றால் 4 மணி நேரம். இரவு சொருகினால் காலையில் தயார்.

காசுக்கணக்கைப் பார்ப்போம். அலுவலகம் 20 கி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 40 கி.மீ. அமெரிக்க அரசின் அதே மதிப்பீட்டின்படி, இந்த ஓட்டத்துக்கு வோல்ட் எடுத்துக்கொள்வது சுமார் 9 யூனிட் மின்சாரம். சார்ஜ் போடாமல் போனால் சுமார் இரண்டரை லிட்டர் பெட்ரோல். மாதம் 22 நாள் வேலை என்றால், ஒருபக்கம் சுமார் 200 யூனிட், இன்னொரு பக்கம் 56 லிட்டர் பெட்ரோல். உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

பெட்ரோலையே தொடாமல் ஓட்டுபவர்களுக்காக வோல்ட்டில் ஒரு ஏற்பாடும் இருந்தது. ஆறு வாரம் போல இன்ஜின் ஓடவே இல்லையென்றால், துருப்பிடிக்காமல் இருக்க அதுவே சிறிது நேரம் ஓடும். டேங்க்கில் இருக்கும் பெட்ரோலுக்கு ஒரு வயதாகிவிட்டால், அதைச் செலவழிக்கவும் இன்ஜின் தானாகக் கிளம்பும். பெட்ரோல் பழசாகும் அளவுக்குச் சேமிக்கலாம் என்பதைத் தயாரித்தவர்களே எதிர்பார்த்திருக்கிறார்கள்!

பிரிக்கப்படாத கேபிள்

இதே தொழில்நுட்பம் ஐரோப்பாவுக்குப் போனபோது கதை மாறியது.

அங்கே பல நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கார் கொடுக்கும். புகை குறைவு என்று சான்றிதழ் உள்ள காருக்கு வரிச்சலுகை உண்டு. பரிசோதனைக்கூடத்தில் பிளக்-இன் ஹைபிரிட்டின் புகை அளவு மிகக் குறைவாகப் பதிவாகும். அதனால், பிரிட்டன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் இந்தக் கார்களை அலுவலகக் காராக எடுப்பது லாபமாக இருந்தது.

2018-ல் பிரிட்டனைச் சேர்ந்த தி மைல்ஸ் கன்சல்டன்சி என்ற நிறுவனம், இப்படி ஓடும் சுமார் 1,500 பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் எரிபொருள் கணக்கை எடுத்துப் பார்த்தது. விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் சராசரியாக லிட்டருக்கு 46 கி.மீ. அருகில். உண்மையில் கிடைத்தது 14 கி.மீ.கூட இல்லை. சில கார்களைத் திருப்பி ஒப்படைத்தபோது, சார்ஜ் கேபிள் டிக்கியில் பாலித்தீன் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது!

ஊழியர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. பெட்ரோலுக்கு நிறுவனம் கார்டு கொடுத்துவிடுகிறது. வீட்டில் சார்ஜ் போட்டால் கரன்ட் பில் யார் தலையில்? பல இடங்களில் ஊழியர் தலையில்தான். நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து, சொந்தக் காசில் கரன்ட் ஏற்றி, நிறுவனத்துக்குப் பெட்ரோல் மிச்சம்பிடிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

இந்தக் கார்களுக்கான மானியத்தை பிரிட்டன் அரசு 2018-ல் நிறுத்தியது. ஜெர்மனி 2022 இறுதியோடு நிறுத்திக்கொண்டது.

மூன்றரை மடங்கு

ஐரோப்பாவில் 2021 முதல் வரும் புதிய கார்களிலேயே எவ்வளவு எரிபொருள் செலவானது என்று பதிவுசெய்யும் வசதி இருக்கிறது. அதில் சேர்ந்த தகவல்களை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் பரிசோதனைக்கூடக் கணக்கைவிட சாலையில் சுமார் 20 சதவிகிதம் அதிகமாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகின்றன. பிளக்-இன் ஹைபிரிட் கார்களோ சராசரியாக மூன்றரை மடங்கு!

காரணம், பரிசோதனைக் கணக்கில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ஓட்டுபவர் ஒழுங்காக சார்ஜ் போடுவார், பெரும்பாலான தூரத்தை மின்சாரத்தில்தான் ஓட்டுவார் என்பதே அது. ஃபிரான்ஹோஃபர் ஆய்வு மையமும் ஐ.சி.சி.டி. அமைப்பும் 2022-ல் வெளியிட்ட ஆய்வு வேறு படத்தைக் காட்டியது. சொந்தக் காசில் வாங்கியவர்கள் மின்சாரத்தில் ஓட்டியது 45 முதல் 49 சதவிகிதத் தூரம். அலுவலகக் கார்களில் வெறும் 11 முதல் 15 சதவிகிதம். தன் காசு என்றால் கை தானாக பிளக்கைத் தேடுகிறது!

அந்த நம்பிக்கைக் கணக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் படிப்படியாகக் கடுமையாக்கிவருகிறது. இனி காகிதத்தில் மட்டும் நல்ல பெயர் வாங்குவது கடினம்.

வாங்கும் முன் நான்கு கேள்விகள்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோ உறவினர்களோ இந்தக் காரை யோசிக்கிறார்கள் என்றால், இந்த நான்கையும் கேட்கச் சொல்லுங்கள்.

1. கார் நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா? தெருவோரம் நிறுத்துபவருக்கும், பார்க்கிங்கில் மின் இணைப்பு இல்லாத அடுக்குமாடியில் இருப்பவருக்கும் இந்தக் கார் சுமைதான்.

2. தினசரி தூரம் எவ்வளவு? போக வர ஆகும் தூரம், மின்சாரத்தில் ஓடும் தூரத்துக்குள் வர வேண்டும். அலுவலகத்திலும் சார்ஜ் போட முடிந்தால், ஒருவழித் தூரம் அடங்கினாலே போதும்.

3. குளிர் எப்படி? கடும் குளிரில் பேட்டரி தாங்கும் தூரம் குறையும். ஹீட்டருக்காகவே இன்ஜினை ஓடவிடும் மாடல்களும் உண்டு. வோல்ட்டும் அப்படித்தான்.

4. கரன்ட் பில் யார் கட்டுவது? அலுவலகக் கார் என்றால் இதை முதலிலேயே பேசி எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

நான்குக்கும் நல்ல பதில் இருந்தால், வாரநாள் முழுக்க மின்சாரம், ஊருக்குப் போகும்போது பெட்ரோல் என்று ஒரே காரில் இரண்டு வசதி. பதில் இல்லையென்றால், பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும் கனமான கார்தான் மிஞ்சும்.

செவர்லே வோல்ட்டின் தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டது. ஆனால், அது கேட்ட கேள்வி இப்போதும் அப்படியே இருக்கிறது. இன்று இரவு படுக்கப் போகும் முன் காரை சார்ஜில் போட்டாச்சா?