குழந்தையின் மூச்சை எண்ணத் தெரிந்த டாக்டர்

நம்மூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 கல்லூரிகள். அதில் இராமநாதபுரத்துக்கு ஆண்டுக்கு 100 இடம். அதுவரை ராமேஸ்வரமோ, தொண்டியோ, கமுதியோ, குழந்தைக்கு ரொம்ப முடியாமல் போனால் மதுரைக்குத்தான் ஓட வேண்டும். கல்லூரி வந்ததில் எல்லோரையும் போல எனக்கும் சந்தோஷம்தான். என் யோசனையெல்லாம், அந்த 100 பிள்ளைகளுக்கும் குழந்தைகள் வார்டில் எப்படிச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்பதுதான்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நான் டாக்டர் இல்லை. செவிலியராக 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் குழந்தைகள் வார்டு. ரவுண்ட்ஸ் முடியும்வரை கட்டில் ஓரத்தில் நின்று பார்த்ததுதான் என் படிப்பு.

நான் பார்த்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். முன்வரிசையில் நாலு பேர் குறிப்பெடுப்பார்கள். பின்னால் நிற்பவர்களுக்குக் குழந்தையின் கால்கூடத் தெரியாது. அன்றைக்கு வார்டில் இதயக் கோளாறு உள்ள குழந்தை இருந்தால் இதயம் பற்றிப் பாடம். இல்லாவிட்டால் மாணவர் அதைப் பார்க்காமலே வேறு வார்டுக்குப் போய்விடுவார். எது கிடைக்கிறதோ அதுவே பாடம். அரிய நோய்கள் எல்லாம் மனப்பாடமாக இருக்கும். ஆனால் சளியோடு வந்த கைக்குழந்தையின் மூச்சை எண்ணச் சொன்னால் 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குவார்கள்.

அது சரிவராது. கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது; வேகமாக நாலு, அப்புறம் ஒரு இடைவெளி. அதனால் ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். அதுவும் குழந்தை அழாமல் அம்மா மடியில் இருக்கும்போது, ஸ்டெதஸ்கோப்பை வைக்கும் முன்பே, சட்டையைத் தூக்கிவிட்டு எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேகமான மூச்சு. கூடவே நெஞ்சின் அடிப்பக்கம் உள்வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், ராத்திரி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டருக்கு, குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதா, ஆம்புலன்ஸில் ஏற்றுவதா என்று சொல்வது இந்த எண்தான். எக்ஸ்ரே அப்புறம்.

ஆகவே என் கட்சி இது. குழந்தைகள் வார்டை விட்டுப் போகும் முன் ஒவ்வொரு மாணவரும் தன் கையால் செய்தாக வேண்டிய வேலைகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்க வேண்டும். எடை, நீளம், தலைச் சுற்றளவு எடுப்பது, புஜத்தை நாடாவால் அளப்பது (11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் ஊட்டக்குறைவு), வயிற்றுப்போக்குக் குழந்தையின் வயிற்றுத்தோலைக் கிள்ளிவிட்டு அது எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்று பார்ப்பது, உப்பு சர்க்கரைக் கரைசலை எப்படிக் கலப்பது என்று தாய்க்குச் சொல்லித் தருவது. அவர் செய்வதை ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்து, அங்கேயே திருத்த வேண்டும். ஒரு குழந்தைக்கு நாலைந்து மாணவருக்கு மேல் கூடாது. பால் குடிக்கும் நேரத்தில் யாரும் கிட்டே வரக்கூடாது.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. மாணவர் செய்வதைப் பார்த்து மதிப்பெண் போடும் தேர்வு முறையை ஸ்காட்லாந்தில் டண்டி நகரத்து ஹார்டன் என்ற பேராசிரியர் 1975-லேயே எழுதிவிட்டார். நம் நாட்டிலும் 2019-ல் வந்த புதிய பாடத்திட்டம் செயல்திறனைத்தான் கேட்கிறது. அதற்கென்று லாக்புக் உண்டு. என் பயமும் அந்த லாக்புக்தான்! கடைசி வாரத்தில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால், பழைய கதைக்குப் புது அட்டை போட்டது போலத்தான்.

தாயிடம் கேட்கும் விதத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நம் பக்கத்துத் தாய்மார்கள் "மாந்தம்", "உரம் விழுந்துருச்சு", "சீர் தட்டிருச்சு" என்பார்கள். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. இந்தி பேசும் பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் கிடக்கட்டும், கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கே சில வார்த்தை விளங்காது. "சீர்" என்றால் சிரிக்கக் கூடாது; எத்தனை தடவை போச்சு, என்ன நிறம், கண் குழி விழுந்ததா, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனது என்று அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். இதைச் சொல்லித்தர வார்டு சிஸ்டர்களைவிட வேறு ஆள் கிடையாது. ஆனால் எங்களை யாரும் கேட்டதில்லை, அது வேறு விஷயம்.

கல்லூரிக்கு ஒரு சின்ன வேண்டுகோளும் உண்டு. வார்டில் வினாடி முள் ஓடும் பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்று மாட்டி வையுங்கள். இப்போது எல்லோரும் செல்போனை எடுத்துத்தான் நேரம் பார்க்கிறார்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் குழந்தை கையை நீட்டும், கொடுக்காவிட்டால் அழும், அப்புறம் எண்ணியது அத்தனையும் வீண்.