டீ டம்ளரை யார் கழுவுவது?

தோழர்களே, வண்டியூரில் நாம் போடும் கூட்டங்களின் முடிவைக் கவனித்திருக்கிறீர்களா? பேசியவர்கள் பேனர் முன் நின்று படம் எடுத்துக்கொள்வோம். டம்ளர் கழுவுவது பெண் தோழர்கள். நாங்களும் பல வருடம் அப்படி நின்றவர்கள்தான்.

இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதைச் சொல்லி, 'தாழ்மையாயிருங்கள்' என்று சேரி மக்களுக்கே பிரசங்கிப்பார்கள். கேட்கும்போதெல்லாம் உறுத்தும். தாழ்மை நம்மேல் தலைமுறை தலைமுறையாகத் திணிக்கப்பட்டது. எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் 2008-இல் தனிப் பங்கு கேட்டுப் போராட வேண்டியிருந்ததே, அவர்களுக்கா தாழ்மை போதவில்லை? யோவான் 13-ஆம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். அங்கே துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்தவர் அடிமை அல்ல, குரு. அடிமையின் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அப்படியானால் அந்தப் பாடம் மைக் பிடித்திருப்பவருக்குத்தான்.

அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு (நம்ம பரட்டை அண்ணன், 2005-இல் மறைந்தார்) 'ஒரு உலை' என்றார். ஒன்றாகப் பொங்கி, சாதி பாராமல் ஒன்றாக உண்பது. சரி, உண்டபின் அந்தப் பானையைத் தேய்ப்பது யார்?

அடுத்த கூட்டத்துக்குப் பேச்சாளர் பட்டியலோடு டம்ளர் கழுவுகிறவர்கள் பட்டியலும் போடுகிறோம். தலைமையுரை ஆற்றுகிறவர் பெயர்தான் அதிலும் முதலில்.