ஆகாசத்தில் ஒரு கத்தரிக்காய்

இந்த வாரம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடலாம் என்று உத்தேசம். எனக்கு வயது முப்பத்தாறு. காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறேன். வாரந்தவறாமல் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கெல்லாம் யோசனை சொல்லி வருகிறேன். அப்பேர்ப்பட்ட நான், இரண்டு வருஷ காலம், ராத்திரிச் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஏதோ ஒரு கிரகத்தில் இரும்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன்!

பழி அக்கா பிள்ளையின் மேல். 2022 ஏப்ரல் கடைசியில் லீவுக்கு வந்தவன், வந்த அன்றே கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டான்.

"சித்தி, புது கேம் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆனால் இன்னும் முடியவில்லை."

"நேற்று வாங்கியதை அதற்குள் எப்படியடா முடிப்பாய்?"

"நான் முடிப்பது இருக்கட்டும். செய்கிறவர்களே இன்னும் முடிக்கவில்லை!"

கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா தலை நிமிர்ந்தாள். "அரை வேக்காட்டுச் சோற்றுக்கு முழுக் காசா கொடுத்தாய்?" என்று கேட்டாள்.

எனக்கும் அதே சந்தேகந்தான். அவன் விளக்கினான். 'ஸ்டீம்' என்று கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் பெரிய கடை ஒன்று இருக்கிறது. அந்தக் கடையில் 2013 மார்ச்சிலிருந்து ஒரு ஏற்பாடு. விளையாட்டு பூர்த்தியாவதற்கு முன்பே அதை விற்பனைக்கு வைக்கலாம். 'எர்லி ஆக்ஸஸ்' என்று பெயர். "இது முடிவடையாத சரக்கு, இனிமேல் மாறலாம், மாறாமலும் போகலாம்" என்று போர்டு போட்டேதான் விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் விளையாடிப் பார்த்து, இது நன்றாயிருக்கிறது, அது உடைந்திருக்கிறது என்று எழுதுகிறார்கள். செய்கிறவர்கள் அந்தப் பணத்தைக் கொண்டு மேலே வேலை செய்கிறார்கள்.

சற்று யோசித்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பத்திரிகைத் தொடர்கதை வேறென்ன? முடிவு எழுதியாகுமுன் முதல் அத்தியாயத்தை அச்சேற்றிவிடுகிறோம். "கதாநாயகியைக் கொன்றுவிடாதீர்கள்" என்று நீங்கள் கடிதம் போடுகிறீர்கள். ஆசிரியர் தலையைச் சொறிந்துகொண்டு அவளுக்கு ஜுரம் குறைந்ததாக எழுதுகிறார். கதை பாதியில் நின்றுபோவதும் உண்டு. இந்தக் கடையிலும் அப்படி நிற்பவை இருக்கின்றன. அக்கா பிள்ளை அதற்கு முந்தின வருஷம் இதே மாதிரி வாங்கிய வேறொரு விளையாட்டு (பெயர் வேண்டாம்) ஆறு மாதத்தோடு அநாதையாயிற்று. போன காசு போனதுதான்.

அவன் புதிதாக வாங்கியது 'தி பிளானெட் கிராஃப்டர்'. பிரான்ஸ் தேசத்தில் இரண்டே பேர் கொண்ட மிஜு கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்தது. 2022 மார்ச் 24-ந் தேதி அரைகுறையாக வெளியாயிற்று.

கதை இதுதான். நீங்கள் ஒரு கைதி. தண்டனையாக உங்களை ஒரு பொட்டல் கிரகத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். காற்றில்லை, தண்ணீரில்லை, ஒரு புல் பூண்டு கிடையாது. எங்கு பார்த்தாலும் பாறையும் புழுதியும். இதை மனிதர் வாழத் தக்க இடமாக்கிக் காட்டு, விடுதலை தருகிறோம் என்கிறார்கள். துப்பாக்கி கிடையாது. துரத்துகிற பூதம் கிடையாது. கையில் ஒரு கருவி, தங்க ஒரு சின்னக் கூண்டு, அவ்வளவுதான். கீழே கிடக்கும் இரும்பு, மக்னீஷியம், சிலிக்கான், டைட்டானியம் எல்லாவற்றையும் பொறுக்கி வந்து சாமான்கள் செய்துகொள்ள வேண்டும். பனிக்கட்டியிலிருந்து குடிதண்ணீர். கோபால்டிலிருந்து பிராணவாயுக் குப்பி.

திரையின் ஓரத்தில் மூன்று அளவுகள். பசி, தாகம், மூச்சு. முதல் இரண்டையும் சமாளித்துவிடலாம். மூன்றாவதுதான் ஆளை ஆட்டி வைப்பது. கூண்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததும் அந்த எண் இறங்கத் தொடங்கும். நூறு அடி நடந்தால் இவ்வளவு, மேடேறினால் இவ்வளவு என்று மனசு தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். திரும்பி வரவும் மூச்சு மிச்சம் இருக்க வேண்டுமே!

மூன்றாம் நாள் நான் செத்துப் போனேன். எப்போதோ விழுந்து நொறுங்கிய கப்பல் ஒன்றின் உள்ளே நுழைந்தேன். ஒரே இருட்டு. பெட்டி பெட்டியாகச் சாமான். அம்மாவுக்குத் தெரியாமல் அலமாரியைக் குடைகிற குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எச்சரிக்கை ஒலித்தது. "இன்னும் ஒரே ஒரு பெட்டி" என்று நினைத்தேன். நிஜமாகவே கை வியர்த்துவிட்டது. வாசல் எங்கே என்று தெரியவில்லை. எண் பத்துக்கு வந்தது, ஐந்துக்கு வந்தது, பிறகு திரை இருண்டுவிட்டது.

"என்னடி, ஏன் இப்படி மூஞ்சியை வைத்துக்கொண்டிருக்கிறாய்? விளையாட்டுத்தானே?" என்றாள் பெரியம்மா.

விளையாட்டுத்தான். ஆனால் அப்படி இறங்குகிற எண்ணை அதற்கு முன்பே ஒரு தரம் பார்த்திருக்கிறேன். 2021 மே மாதத்தில் எங்கள் தெருவில் ஆக்ஸிமீட்டர் இல்லாத வீடு கிடையாது. பெரியம்மாவின் விரலில் அதை மாட்டிவிட்டு, சிவப்பு எழுத்து நடுங்கி நிற்பதற்காகக் காத்திருப்போம். காலையில் 95. மத்தியானம் 93. விளக்கு வைத்த நேரத்தில் 90. அக்கா டெலிபோனில் ஒவ்வோர் இடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஓரிடத்தில் படுக்கை கிடைத்தது. ஆறு நாள் மூக்கில் குழாயோடு கிடந்துவிட்டு வீடு திரும்பினாள் பெரியம்மா. வந்த அன்று சாயந்திரம் முதல் வேலையாக மொட்டை மாடிக்குப் போக வேண்டும் என்றாள். பாதிப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். தொட்டிச் செடிகளைப் பார்க்கத்தான்! அவற்றில் பாதி வாடிப் போயிருந்தன. எங்களில் ஒருவருக்கும் தண்ணீர் விட ஞாபகம் வரவில்லை.

அதே வசந்தத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. அப்போது அதைக் கவனிக்கிற நிலைமையில் நான் இல்லை. அந்த வருஷம் பிப்ரவரியில் அமெரிக்காவின் நாஸா அனுப்பிய 'பெர்ஸிவரன்ஸ்' என்ற வண்டி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. அதனுள்ளே 'மாக்ஸி' என்று ஒரு சின்ன இயந்திரம். செவ்வாயின் மெல்லிய காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு கரியமிலவாயு. அதை உள்ளிழுத்து, சுமார் 800 டிகிரிக்குச் சூடாக்கி, மின்சாரத்தால் பிளந்து பிராணவாயுவைப் பிரித்தெடுக்க வேண்டும். 2021 ஏப்ரல் 20-ந் தேதி முதன்முதலாகச் செய்தும் காட்டிவிட்டது. எவ்வளவு தெரியுமா? ஐந்து கிராமுக்குச் சற்று அதிகம். ஒரு விண்வெளி வீரருக்குப் பத்து நிமிஷ மூச்சு.

2023-ல் அது வேலையை முடித்துக்கொண்டபோது, பதினாறு தடவையாக மொத்தம் செய்து கொடுத்திருந்தது 122 கிராம். நமக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியிருப்பது ஏறக்குறைய 840 கிராம். ஆக, மனிதன் வேறொரு கிரகத்தின் காற்றிலிருந்து இதுவரை தயாரித்திருக்கும் பிராணவாயு அத்தனையும் ஓர் ஆளுக்கு மூன்றரை மணி நேரத்துக்குக் காணும். ஒரு சினிமாவுக்குப் போய் வரலாம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை; அந்த ஐந்து கிராமைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது எனக்குக் கண் கலங்கிற்று. அந்த மே மாதத்துக்குப் பிறகு படித்ததால் இருக்கலாம்.

விளையாட்டிலும் இப்படித் துளித் துளியாகத்தான் ஆரம்பம். ஓர் இயந்திரம் தரையைத் துளைத்து வாயுவை வெளிப்படுத்திக் காற்றழுத்தத்தை ஏற்றும். இன்னொன்று உஷ்ணத்தை ஏற்றும். விதை போட்ட ஒரு கண்ணாடிக் குழாய் பிராணவாயுவைத் தரும். ஆரம்பத்தில் அதை அளப்பது பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு என்கிற அளவையில்! ஒன்றை வைத்துவிட்டுப் பார்த்தால் ஒன்றுமே மாறியிருக்காது. பத்து வைத்தாலும் அதே செம்மண் வானம், அதே புழுதி. பெருக்கிய வீட்டையே மறுநாளும் பெருக்கி, துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கிப் பழகினவர்களுக்கு இந்த இடத்தில் அவ்வளவாகச் சலிப்புத் தட்டாது என்று நினைக்கிறேன். அக்கா பிள்ளைதான் கொட்டாவி விட்டான்.

கணக்கு 1,75,000-த்தை எட்டிய அன்று நான் இரும்புப் பெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். வெளியே வந்து தலை நிமிர்ந்தேன். வானம் நீலமாக இருந்தது.

"பெரியம்மா! இங்கே வந்து பாருங்கள்!" என்று கூச்சல் போட்டேன்.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இதற்கா இத்தனை நாள்? நம்ம மாடியில் தினமும் இருக்கிறதே" என்றாள். ஆனால் போய்விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளே எனக்கு அதிகாரி. "அந்த மூலையில் ஒன்று வை." "ராத்திரி ஆகிறதே, உள்ளே போயேன்." பயிர் வளர்க்கும் பெட்டி ஒன்று செய்து, தேடிப் பிடித்த விதையைப் போட்டபோது கத்தரிக்காய் காய்த்தது. ஆமாம், சாக்ஷாத் கத்தரிக்காய்! பிரான்ஸ்காரர்களுக்கு எப்படித் தோன்றிற்றோ! பசி அளவு குறைந்ததும் அதை எடுத்து அப்படியே சாப்பிட வைத்தேன். பெரியம்மா பதறிவிட்டாள். "பச்சையாகவா? ஒரு கல் உப்புகூட இல்லாமலா?"

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கைதியின் கதை ரொம்பச் சோனி. சாமான் அடுக்குகிற வேலை ஒரு கட்டத்தில் மளிகைக் கடையில் கணக்கெழுதுவது போலாகிவிடுகிறது. எங்கள் வீட்டு அலமாரியில் மிளகாய்ப் பொடி டப்பா எது, சீயக்காய் டப்பா எது என்று தெரியாமல் கிடக்க, நான் ராத்திரி பதினோரு மணிக்கு வேற்றுக் கிரகத்தில் பெட்டிகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கே வெட்கமாயிருக்கிறது. விஞ்ஞானமோ ரப்பராய் இழுபடுகிறது. பூமியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் விட்ட பிராணவாயு காற்றில் சேரத் தொடங்கியே சுமார் 240 கோடி வருஷம் ஆகிறது. விளையாட்டில் அது சில வாரத்து ராத்திரிகளோடு முடிந்துபோகிறது. செவ்வாயை இப்படி மாற்றலாமா என்று 2018-ல் இரண்டு விஞ்ஞானிகள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அங்கே நமக்கு எட்டக்கூடிய கரியமிலவாயு முழுவதையும் வெளியே கொண்டுவந்தாலும் போதாது, இன்றைய வித்தைகளால் ஆகிற காரியமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பூமியை விட்டு வேறெங்கும் குடிபோகிற யோசனையை இப்போதைக்கு ஒத்திப் போட வேண்டியதுதான்.

அரைகுறையாக வாங்கியதில் எனக்குக் கிடைத்த லாபம் வேறு. நாங்கள் ஆரம்பித்தபோது அந்தக் கிரகத்தில் பூச்சி கிடையாது. செய்தவர்களே இன்னும் செய்யவில்லை. மரம் வந்தது, அதோடு சரி. பிறகு ஒருநாள் புதிய பகுதி வந்து சேர்ந்தது, வண்ணத்துப்பூச்சி பறந்தது. இன்னும் சில மாதம் கழித்து மீன். அப்புறம் தவளை. அடுத்த இதழுக்குக் காத்திருக்கிற மாதிரிக் காத்திருந்தோம். "அந்த இரண்டு பேரும் இந்த மாசம் என்ன போட்டிருக்கிறார்கள்?" என்று பெரியம்மா விசாரிப்பாள். அவர்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லாமல் போனால் தவளையோடு நின்றுவிடுமே என்று கவலை வேறு.

நிற்கவில்லை. 2024 ஏப்ரல் 10-ந் தேதி முழு விளையாட்டும் வந்துவிட்டது. பலபேர் சேர்ந்து ஒரே கிரகத்தில் விளையாடவும் வழி செய்துவிட்டார்கள். அதற்குள் அக்கா பிள்ளை வேலை கிடைத்துப் புனாவுக்குப் போயிருந்தான். அங்கிருந்தபடியே அவனும் இங்கிருந்து நானும் ஒரு புதுக் கிரகத்தில் இறங்கி, முதலிலிருந்து ஆரம்பித்தோம். அவன் இரும்பு பொறுக்கினான், நான் குழாய்களை நட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை டெலிபோனில் "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று கேட்டு "ம்" என்று பதில் வாங்கிக்கொண்டிருந்தவள், இப்போது அவனோடு தினம் ஒரு மணி நேரம் பேசினேன்.

ஒரு ராத்திரி மணி பத்தரை இருக்கும். நீல வானம் முடிந்து, மேகம் முடிந்து, அடுத்த கட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா கூடத்தில் படுத்துத் தூங்கிவிட்டாள். "சித்தி, வெளியே வந்து பார்!" என்று புனாவிலிருந்து அவன் கத்தினான். வந்து பார்த்தேன். மழை! எங்கள் பொட்டலில், பாறை மேல், சோவென்று மழை. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் நனைந்துகொண்டு நின்றோம். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

கூடத்திலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"அடியே, மழை கொட்டுகிறது! மாடியில் துணி காய்கிறதே, ஓடிப் போய் எடு!"

எனக்கும் என்ன தோன்றிற்றோ, விழுந்தடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஆகாசம் முழுக்க நட்சத்திரம். துணியெல்லாம் மொறமொறவென்று காய்ந்திருந்தது. வந்ததுதான் வந்தோம் என்று எடுத்துக்கொண்டு இறங்கினேன்.