குலமுதல்வனும் கொடுமையும்

இல்லத்துக்குத் தலைவனாய் நிற்பவன் அவ்வில்லத்துக்கே கூற்றுவனாதல் உண்டோ எனின், உண்டென்றே உலகத்துக் கதைகள் பலவும் கூறும். இந்நாளில் நம் மாணவருட் பலர் ஓய்வு நேரத்திற் கைக்கொள்ளும் மின்திரை விளையாட்டுக்களுள் 'டெக்கன்' என்பது ஒன்று. இரும்பு முட்டி என்பது அச்சொல்லின் பொருள். ஜப்பான் தேசத்து நாம்கோ நிறுவனத்தார் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற்பகுதி தொடங்கி, 2024இல் வெளிவந்த எட்டாம் பகுதி ஈறாக, அவ்விளையாட்டின் கதை ஒரு குடும்பத்தின் உட்பகையைச் சுற்றியே சுழல்கின்றது. அக்குடும்பத்து முதல்வனாகிய ஹெய்ஹாச்சி மிஷிமா என்னும் முதியவனைக் குறித்தும், அவனை யொத்தார் திறத்தில் நம் நாட்டு நூல்களும் நிகழ்ச்சிகளும் கற்பிப்பன குறித்தும் சில சொல்லப் புகுகின்றோம்.

ஹெய்ஹாச்சி செய்தவை யாவை? தன் தந்தையாகிய ஜின்பாச்சியின் அதிகாரத்தைக் கவர்ந்து அவரை நிலவறையில் அடைத்தான். 5 வயதுப் பாலகனாகிய தன் மகன் கஸுயாவை மலைமுகட்டினின்றும் கீழே எறிந்தான். பிழைத்தெழுந்த மகன் வளர்ந்து வந்து, தந்தையை வென்று, அதே முகட்டினின்றும் அவனை வீழ்த்தினான். இரண்டாம் பகுதியில் தந்தை மீண்டெழுந்து மகனை எரிமலை வாயில் இட்டான். மூன்றாம் பகுதியில், தன் பேரன் ஜின்னைப் போருக்குப் பழக்கித் தன் காரியம் முடிந்ததும் அவனைத் துப்பாக்கியாற் சுட்டான். 2015இல் வந்த ஏழாம் பகுதியில் மகன் தந்தையைக் கொன்று எரிமலைக் குழம்பில் எறிந்தான். ஆயினும் எட்டாம் பகுதியில் அம்முதியவன் மீண்டும் உயிரோடு தோன்றுகின்றான்! ஆட்டத்தில் இறந்தவர் மீள்வர், வாழ்விலோ மீளார். இவ்வேற்றுமையை நாம் மறத்தலாகாது.

இத்தகைய ஆட்டங்களை இளைஞர் தொடவே கூடாதென்று விலக்குவோர் உளர். யாம் அவ்வபிப்பிராயத்தை ஒப்புகின்றிலேம். தீயோன் இல்லாத காவியம் யாண்டுளது? இராவணனையும் துரியோதனனையும் நீக்கிவிட்டால் நம் இதிகாசங்களில் எஞ்சுவது யாது? ஆட்டத்தில் ஒரு குறை உண்டாயின், அது கொடியவனைக் காட்டுவதன்று. அவன் கொடுமைக்குக் காரணம் காட்டுவதேயாம். ஏழாம் பகுதியிலே, அவன் மனைவியின் குருதியில் ஒரு பேய்த்தன்மை இருந்ததென்றும், அவள் அவனைக் கொல்ல முயன்றாளென்றும், அது மகனிடத்தும் உளதோ என்று அறியவே அவனை முகட்டினின்றும் எறிந்தானென்றும் கூறப்படுகின்றது. உலகிற் பிள்ளையை வதைத்த தந்தையருள் காரணம் சொல்லாதவர் எவர்? குலத்தின் மானம், குடியின் பெயர், பிள்ளையின் நன்மை என்று ஏதேனுமொன்றை அவர் சொல்லுவர். காரணம் உண்டென்பதால் கொடுமை நீதியாகிவிடுமோ?

இனி நம் நாட்டை நோக்குவாம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடித் திங்களில் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கின்றனர். செம்மேட்டில் அவ்வள்ளலின் சிலையும் உளது. ஒரே அம்பால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்தவன் எனச் சங்கப் புலவர் பாடிய வீரன் அவன். முட்டியின் வன்மையும் வில்லின் வன்மையும் ஒருவனைக் காக்குமாயின், ஓரி காக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆனால் முள்ளூர் மன்னனாகிய மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரிற் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். கொன்றவனும் வள்ளல், கொல்லப்பட்டவனும் வள்ளல். கடையெழு வள்ளல்கள் என ஒரு வரிசையில் வைத்து எண்ணப்படும் இருவருள் ஒருவன் மற்றவனை மாய்த்தான். ஈகையுடையான் இரக்கமும் உடையனாதல் ஒருதலையன்று என்பது இதனாற் புலனாம்.

வன்மையாற் பெற்ற வெற்றியும் நிலைத்ததன்று. காரியின் குடியாகிய அம்மலையமான் குடியிற் பிறந்த சிறாரைக் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்னும் சோழன் யானைக் காலில் இடுவிக்க முனைந்தான். சிறார் என்ன பிழை செய்தார்? மலையமான் குடியிற் பிறந்ததையன்றி அவர்மேல் எக்குற்றமும் புறநானூறு கூறவில்லை. அவ்வேளையிற் கோவூர்கிழார் என்னும் புலவர் எழுந்து, புறாவின் துயர் தீர்த்த மன்னன் வழியில் வந்தவன் அரசன் என்பதையும், கற்றோர்க்குப் பகுத்துண்ட குடியிற் பிறந்தவர் அச்சிறார் என்பதையும் எடுத்துரைத்தார். யானையைக் கண்ட வியப்பில் அழுகை மறந்து, அறியா மன்றத்தை மருண்டு நோக்கி நிற்கும் அவ்விளமையையும் சுட்டிக் காட்டினார். சிறார் உயிர் பிழைத்தனர். படையில்லாத ஒருவரின் சொல், படையுடைய அரசனின் கையைத் தடுத்தது!

தந்தைக்கும் மைந்தர்க்கும் மூண்ட போரும் நம் நூலில் உண்டு. உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன் தன் புதல்வர் இருவர்மேற் படையெடுத்து எழுந்தான். அவ்வமயம் புல்லாற்றூர் எயிற்றியனார் அவன்முன் நின்று வினவியதன் கருத்து இது: இவர் உன் பகைவர் அல்லர், உனக்குப்பின் இந்நாடு இவர்க்கே உரியது, இவரை நீ வென்றால் நாட்டை எவர்க்கு விட்டுச் செல்வாய்? தோற்றால் உன் பகைவரன்றோ மகிழ்வர்? இவ்வினாவுக்கு விடையேது? மகனை வென்ற தந்தைக்கு வாரிசு இல்லை. மகனிடம் தோற்ற தந்தைக்கு மானம் இல்லை. மிஷிமா குடும்பத்தார் எட்டுப் பகுதிகளிலும் விடை காணாத வினாவை எயிற்றியனார் ஒரு பாட்டிலே கேட்டு முடித்தார். பின்னர் அச்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்தமையும், காணாத நண்பராகிய பிசிராந்தையார் வந்து உடனிருந்தமையும் யாவரும் அறிந்தவை.

இவ்விரு வரலாற்றையும் ஆட்டத்தோடு ஒப்பிடின் ஒன்று தெளிவாகும். டெக்கன் ஆட்டத்திலே அடிப்பவனும் அடிபடுபவனும் ஆகிய இருவரே எதிரெதிர் நிற்பர். இடையே புகுவோர் எவருமில்லை. நம் நூல்களிலோ மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் அரசனுக்கு உறவினர் அல்லர். அவன் சினத்துக்கு அஞ்சத் தக்கவரே. ஆயினும் அஞ்சாது உரைத்தார். குலமுதல்வனைக் கொடியவனாக்குவது அவன் வன்மை மட்டுமன்று. சுற்றி நிற்போர் வாய்மூடி நிற்றலும் ஆகும் என்பதே எம் கருத்து.

இது பழங்கதை என்று தள்ளற்பாலதோ? 2003ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், விருத்தாசலத்தை அடுத்ததோர் ஊரில், வேறு சாதியிற் பிறந்த இளைஞனை மணந்த பெண்ணொருத்தியும் அவள் கணவனும் நஞ்சு புகட்டிக் கொல்லப்பட்டனர். 2021இல் கடலூர்ச் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. அவருள் பெண்ணின் தந்தையும் தமையனும் அடங்குவர். காவல்துறையைச் சேர்ந்த இருவரும் அடங்குவர். உயர் நீதிமன்றம் தமையனின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றி, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எஞ்சியோரின் மேல்முறையீடுகளைத் தள்ளியது. இறுதித் தீர்ப்புக்கு ஏறக்குறைய 22 ஆண்டுகள்! ஹெய்ஹாச்சி தன் கைகளாலேயே கொடுமை செய்தான். நம்மிடையுள்ள குலமுதல்வனுக்கோ உதவும் கைகள் பலவாக இருந்தன. தடுக்க வேண்டிய கைகளே உதவின என்பதன்றோ பெருந்துயரம்?

நம் மாணவர் விடுமுறைக்கு மலையூருக்கும் சிற்றூருக்கும் செல்வர். ஆங்கே வீட்டிலோ அண்டையிலோ ஒரு தந்தையோ பாட்டனோ மாமனோ பெண்ணின் படிப்பை நிறுத்துவதையும், விருப்பமில்லா மணத்தை வலிந்து முடிப்பதையும், மானத்தின் பெயரால் கை ஓங்குவதையும் காண்டலுங் கூடும். அவ்விடத்து இரும்பு முட்டி வேண்டியதில்லை. தக்க சமயத்தில் வணக்கத்தோடு, ஆயின் அச்சமின்றிச் சொல்லும் ஒரு சொல்லே வேண்டுவது. சொல் செல்லாத இடத்துச் சட்டத்தின் துணையை நாடலும் கடனேயாம். கற்றதனாற் பயன் யாதென வினவுவார்க்கு, யானையின் முன்னே நின்ற சிறாருக்காக எழுந்து பேசிய அப்புலவரையே யாம் விடையாகக் காட்டுவோம். அவர் பேசாதிருந்தால் அச்சிறாரின் பெயரால் மற்றொரு கொலைக் கதையே நமக்கு எஞ்சியிருக்கும்.