இல்லமும் நிலமும்: புதர் நீக்கம்

மலையடிவாரத்தில் தோட்டமுள்ள நம் குடும்பங்களுக்குத் தவக்காலமே தீக்காலமுமாகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேறச் சென்றோரில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

தீ மேட்டை நோக்கியே விரைந்தேறும். ஆதலின் வீட்டிற்குக் கீழுள்ள சரிவையே முதலில் துப்புரவு செய்க. கலிபோர்னியாவில் காட்டுத்தீ அபாயமுள்ள இடங்களில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை சீர்செய்யச் சட்டமே உண்டு. நமக்கோ சொத்தே அரை ஏக்கர்; 100 அடி அளந்தால் அண்டைவீட்டார் அடுப்படியில் போய் நிற்போம்! எனவே இரு வீட்டாரும் சேர்ந்தே வெட்டவேண்டும். வரப்புத் தகராற்றால் பேச்சற்றுப்போன வீடாயினும் சென்று கேளுங்கள். அரிவாளை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுச் செல்க.

உண்ணிச்செடி வெட்ட வெட்டத் தழைப்பது. மண் ஈரமாயிருக்கையில் வேரோடு களைக. வெட்டியதைப் பங்குனி வெயிலில் அங்கேயே கொளுத்தாதீர். கூரையோட்டு இடுக்கிலுள்ள சருகு பிள்ளைகளுக்கு எட்டாது. அதைக் குடும்பத்தலைவரே கூட்டுக.