பப்பில் சாப்பாடு

லண்டன் ஃபாரிங்டன் சாலையில் இருக்கும் ‘தி ஈகிள்’ பப்பை 1991-ல் இருவர் எடுத்து நல்ல சமையலைக் கொண்டுவந்தார்கள்; ‘கேஸ்ட்ரோபப்’ என்ற வகையே அங்கிருந்துதான் கிளம்பியது. ஈகிளைக் குறை சொல்ல மாட்டேன். அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனைகள்தான் சிக்கல். வெள்ளை மேசைவிரிப்பும் முன்பதிவும் வந்துவிட்டால் அது பப்பே இல்லை. பேட்டை பப்பில் நாமே கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, காசு கொடுத்துவிட்டு வந்து உட்காரலாம். அங்கே வரிசை கிடையாது. ஆனால் அடுத்து யார் முறை என்பது நிற்கும் எல்லோருக்கும் தெரியும்! ஞாயிறு மதியம் ரோஸ்ட் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷர் புட்டிங், எல்லாவற்றின் மேலும் தாராளமாக கிரேவி. தனியாக வந்த தாத்தாவை யாரும் அவசரப்படுத்துவதில்லை. காலடியில் யாருடைய நாயோ படுத்திருக்கும். 1946-ல் தன் கனவு பப்பை வர்ணித்த ஜார்ஜ் ஆர்வெல், அதில் இரவுச் சாப்பாட்டுக்கே இடம் தரவில்லை. இரவுக்கு ஈரல் சாசேஜ் சாண்ட்விச், சீஸ் போன்ற நொறுக்குகளே போதும் என்றிருந்தார். அவ்வளவு சிக்கனம் எனக்கு ஆகாது. ஸ்மெதிக், வெஸ்ட் பிராம்விச் பக்கம் பஞ்சாபிக் குடும்பங்கள் நடத்தும் பப்புகளில் பீரோடு சுடச்சுட மிக்ஸ்டு கிரில் வருகிறது. பேட்டை பப்பின் அசல் வாரிசுகள் அவைதான் என்பேன்.